கருவி யாருடையது?

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுவோர் துறைமுகத்தின் ஆழத்தையும், சுவாமி மலையின் வனப்பையும், கோணேசர் கோவிலின் தொன்மையையும் விரித்துரைப்பது வழக்கம். அவற்றை எழுத வேறு பலர் உளர். துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள சிறு புகைப்பட ஸ்ரூடியோ ஒன்றில், பழைய படத்திருத்த மென்பொருளைப் புதிய கணினியில் இயங்கவைக்கப் பட்ட பாட்டையே நாம் இங்கு எழுத எண்ணுகிறோம். இதிலென்ன இலக்கியம், இதிலென்ன சமுதாயம் என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

சீனன்குடாவிலே காடு மண்டிய நிலத்தில் எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டிப் பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளுக்குத் தப்பி எஞ்சியவை 99. அவற்றைப் பற்றி 2003இல் ஓர் உடன்பாடு எழுந்தது. 2022 சனவரியில் இன்னொன்று எழுந்தது: 61 குதங்கள் கூட்டுக் கம்பனிக்கு, 24 நம் நாட்டுப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியக் கம்பனிக்கு. எண்பது ஆண்டுகளைக் கடந்த இரும்புத் தாங்கிகளுக்காக இரண்டு அரசாங்கங்கள் பேரம் பேசின. ‘இவை பழையன, இக்காலத்துக்கு ஒவ்வா, வீசிவிடுக’ என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் அதே குடாவின் மறுகரையில், இருபத்தைந்து வயதேயான ஒரு மென்பொருள் செத்துவிட்டதாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. துருப்பிடிக்கும் இரும்புக்குக் கிட்டிய ஆயுள், துருவே பிடிக்காத எண்களின் கோவைக்கு ஏன் கிட்டவில்லை?

அந்த ஸ்ரூடியோவின் உரிமையாளர் அறுபதை அண்மித்தவர். இருட்டறையிலே சிவப்பு விளக்கின் கீழ்ப் படங்களைக் கழுவித் தொழில் பயின்றவர். 1990களின் இறுதியில் கொழும்பிலிருந்து அவர் வாங்கிவந்த ஸ்கானர் ஒன்றின் பெட்டிக்குள், அம்மென்பொருளின் சுருக்கப் பதிப்பு ஓர் இறுவட்டில் இருந்தது. ஸ்கானர் வாங்குவோர்க்கு அஃது உடன்வரும் பொருள். ஆகவே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அவர்மீது பாய இடமில்லை என்பதை இங்கே குறித்துவிடுகிறோம். ஏழைத் தொழிலாளியின் கையில் ஒரு கருவியைக் கண்டதும் ‘திருட்டுப் பிரதியோ?’ என்று கேட்க ஆயத்தமாயிருப்போர் எங்கும் உளரன்றோ!

அம்மென்பொருளின் ஆங்கிலப் பட்டிகளுக்கெல்லாம் அவருக்குப் பொருள் தெரியாது. ஆயினும் அவருடைய இடக்கை விரல்கள் விசைப்பலகையிலே, தவில் வித்துவானின் விரல்களைப் போல, நினையாமலே சென்று விழும். கண் படத்திலிருக்கும், கை தானே வேலை செய்யும். இந்தத் திறமை ஓரிரு மாதங்களில் வந்ததன்று. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பேரழிவு.

2004 திசெம்பர் 26ஆந் திகதி கடல் கரையேறி, இந்த நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் இடிபாடுகளைக் கிளறியபோது பொன்னையும் காணியுறுதியையும் தேடினர். கூடவே படங்களையும் தேடினர். புகைப்படத் தாளின் மேற்பூச்சு ஊன்பசையால் ஆனது. உப்புநீரில் ஊறியதும் அது கூழாகும். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். 2011இல் யப்பானைக் கடல் தாக்கியபின், யமமோட்டோ என்னும் ஊரில் மட்டும் ஏறத்தாழ ஏழரை இலட்சம் படங்களைத் தொண்டர்களும் மாணவர்களும் கழுவிப் பதிவுசெய்தனர் என்று அறிகிறோம். எங்கள் கரையில் அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் மக்கள் பொலித்தீன் பைகளில் சேறு காயாத படங்களைச் சுமந்துகொண்டு இவரைப் போன்ற ஸ்ரூடியோக்காரர்களிடம் வந்தார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதம் அந்தப் பைகளில் இருக்கவில்லை.

2005ஆம் ஆண்டு முழுவதும் அவர் செத்தவர்களின் முகங்களோடு வாழ்ந்தார். சேற்றுக் கறையை நீக்குவது, கிழிந்த கன்னத்தை ஒட்டுவது, பின்புலத்தை மாற்றுவது என ஒவ்வொன்றையும் தனித்தனி ‘அடுக்கில்’ செய்தார். அடுக்கு என்பது படத்தின்மேல் விரித்த கண்ணாடித் தாள் போன்றது. அதில் தீட்டலாம், ஒட்டலாம். அடியிலுள்ள படம் தொடப்படுவதில்லை. வேண்டாதபோது மேல்தாளை மறைத்துவிட்டால் பழைய படம் பழையபடியே தோன்றும். அச்சிட்டுக் கொடுத்த பின்னரும் அந்த அடுக்குக் கோப்புகளை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். ஏனென்று கேட்டதற்கு, “செத்த ஆக்களின்ர சாமானை எறியப்படாது, மாஸ்டர்” என்றார். விஞ்ஞானக் காரணம் சொல்வாரென எதிர்பார்த்திருந்த நாம் அதற்குமேல் கேட்கவில்லை.

நிற்க. அந்தப் பழைய கணினி 2022இல் மாண்டது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். மின்சாரம் போவதும் திடீரென வருவதுமாய் இருந்த அந்நாட்களில், கடலின் உப்புக்காற்றால் ஏற்கெனவே அரிக்கப்பட்டிருந்த அதன் உள்ளுறுப்புகள் கருகின. பிறகு பழைய விலைக்கு வாங்கிய, விண்டோஸ் 11 உள்ள கணினியொன்றில் அடையாள அட்டைப் படங்களும் கடவுச்சீட்டுப் படங்களும் எடுத்து அவர் பிழைத்துவந்தார். அவ்வேலைக்கு அது போதுமாயிருந்தது.

2024ஆம் ஆண்டின் இறுதி நெருங்கியதும் நிலைமை மாறியது. ஆழிப்பேரலையின் இருபதாம் ஆண்டு நினைவு வந்தது. முன்னர்ச் செய்த படங்களில் ‘முதலாம் ஆண்டு’ என்றிருந்ததை ‘இருபதாம் ஆண்டு’ என்று மாற்றித் தரும்படி பலர் வந்தனர். அவர்களுள் ஒருவர் வடக்குக் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த மீனவத் தாய்; எழுபது வயதிருக்கும். கடலில் போன தம் மகனின் படத்தை மேசைமேல் வைத்தார். இருபது வயது இளைஞன், பளபளக்கும் வெண்முகம், கோட்டு, கழுத்துப்பட்டி, நீலப் பின்புலம்.

“தம்பி, இது என்ர பிள்ளை இல்லை. என்ர பிள்ளை கறுவல். கோட்டு ஒருநாளும் போட்டதில்லை. நெத்தியில காயம் ஒண்டு இருந்தது. சின்னனில தோணியில அடிபட்டு விழுந்த தழும்பு. அதை அழிச்சுப்போட்டியள். அதைத் திருப்பித் தாங்கோ.”

இருபது ஆண்டுகளாய் ஏன் சொல்லவில்லை என்று ஸ்ரூடியோக்காரர் கேட்டார்.

“அப்ப எனக்கு அழத்தான் தெரிஞ்சுது. பாக்கத் தெரியேல்ல.”

மூலப்படம் அந்த வீட்டில் இல்லை. சேற்றில் ஊறிய அந்தத் தாள் பூஞ்சணம் பிடித்து எப்போதோ உதிர்ந்துபோயிற்று. தழும்பு உலகில் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், அது செத்த கணினியின் வன்தட்டிலே, அடுக்குகளின் அடியிலேதான் இருக்கவேண்டும்.

எமது பாடசாலையில் தகவல் தொழில்நுட்பத்துக்கு ஆசிரியர் இல்லாதபடியால், தமிழ் கற்பிக்கும் எம்மிடமே கணினி அறையின் திறப்பும் இருந்தது. அதனால் அவர் எம்மைத் தேடி வந்தார். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியும் எம்மோடு சேர்ந்தாள். (உண்மையைச் சொன்னால், நாமே அவளோடு சேர்ந்தோம்.)

புதிய மென்பொருளை வாங்கிவிட்டால் தீராதா என்று வாசகர் கேட்கலாம். இத்துறையில் உலகப் பெயர் பெற்ற போட்டோஷொப்பின் வரலாற்றை நோக்குக. தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் அமெரிக்கச் சகோதரர் இருவர் ஆக்கியதை அடோப் கம்பனி 1990இல் வெளியிட்டது. அடுக்குகள் 1994இன் மூன்றாம் பதிப்போடு வந்தன. 2005ஆம் ஆண்டின் பதிப்போ, வாங்கியவன் அதை இயக்குமுன் கம்பனியின் சேவையகத்திடம் அனுமதி பெற்றாக வேண்டும் என்ற ஏற்பாட்டோடு வந்தது. 2012இன் இறுதியில் அந்தச் சேவையகங்கள் மூடப்பட்டன. காசு கொடுத்து வாங்கியோருக்கு அனுமதி கேளாத வேறு பிரதியொன்றை வழங்க நேர்ந்தது. 2013 பெப்ரவரியில், 1990ஆம் ஆண்டு மூல நிரல் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அரும்பொருளகத்தின் வாயிலாக வெளியிடப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், வருங்காலப் பதிப்புகள் விற்பனைக்கல்ல, சந்தாவுக்கே என்று அறிவிக்கப்பட்டது. தாத்தாவை அரும்பொருளகத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பேரனை மாத வாடகைக்குத்தான் அமர்த்தலாம்!

அந்த வாடகை டாலரில் அளக்கப்படுவது. புகைப்படக்காரருக்கென அமெரிக்காவில் அறிவித்த மாதச் சந்தா 2022இல் 9.99 டாலராயிருந்தது. 2022இன் தொடக்கத்தில் அது நம் பணத்தில் ஏறக்குறைய 2000 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் 3600 ரூபா. கம்பனி விலையை ஏற்றவில்லை. திருகோணமலைத் தொழிலாளியும் எதையும் மிகையாக வாங்கவில்லை. இருந்தும் அவனுடைய தூரிகையின் விலை நான்கு மாதத்தில் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ஏறியது.

எங்கள் கரைகளில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. இழுக்கும் கை தொழிலாளியுடையது. மீனில் பங்கு பிரியும்போது வலைக்குரிய பங்கு முதலில் போகும். அந்தச் சம்மாட்டியாவது கரையில் நிற்பார், அவரோடு வாதாடலாம், கோபித்துக்கொண்டு மறுநாள் வேறு வலைக்குப் போகலாம். மாதச் சந்தா தவறியதும் தூரிகை தன்பாட்டில் விறைத்துப்போகும் ஏற்பாட்டில் வாதாடுவதற்கு ஆளே இல்லை. தச்சன் உளியைத் தன் மகனுக்குக் கொடுத்தான். கொல்லன் சம்மட்டியைக் கொடுத்தான். வாடகைக் கருவியை எவர் எவருக்குக் கொடுப்பது?

இதற்கு மாற்றான பாதை இல்லாமலில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய ‘கிம்ப்’ என்னும் மென்பொருள், உலகெங்குமுள்ள ஆர்வலர்களால் வளர்க்கப்பட்டு எவருக்கும் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். கருவி பொதுவுடைமையாதல் கனவன்று என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பழைய கோப்புகளை முதலில் அதிலேதான் திறந்தோம். அடுக்குகள் வந்தன, ஆனால் எழுத்து அடுக்குகள் திருத்த இயலாத வெறும் படங்களாகவே வந்தன. சில அடுக்குகளின் கலப்பு மாறித் தோன்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்ரூடியோக்காரரின் விரல்கள் அங்கே வழிதவறிய குழந்தைகளாயின. மாணவிக்குப் பொறுமை போயிற்று. “பழகினால் வரும்” என்றாள். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கத்தை ஒரு வாரத்தில் துறக்கச் சொல்வது நம் கொள்கைக்கு எளிது. அவர் கைக்கு எளிதன்று. கிம்ப்பை அவருடைய மருமகன் பயில்வதென்றும், அவருக்கு அவருடைய பழைய கருவியையே மீட்டுக்கொடுப்பதென்றும் முடிவாயிற்று.

பிறகு தொடங்கியது எம் பாடு. பழைய வன்தட்டின் அகன்ற இணைப்பு இக்காலக் கணினி எதிலும் பொருந்தாது. அதை யூ.எஸ்.பி. வழியில் பொருத்தும் இணைப்பியொன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்தோம். தட்டு உயிரோடிருந்தது. அதன் ஓசையைக் கேட்டு ஸ்ரூடியோக்காரர் கைகூப்பினார்.

இறுவட்டைப் போட்டதும், இந்தச் செயலி இக்கணினியில் இயங்காது என்ற அறிவிப்பு வந்தது. காரணம் வேடிக்கையானது. அம்மென்பொருள் 32 இரும வகையினது. அவ்வகைச் செயலிகளை இன்றைய 64 இரும விண்டோஸ் இன்னும் ஏற்கிறது. ஆனால் அதைக் கணினியில் நிறுவும் சிறு செயலி அதற்கும் முந்திய 16 இரும வகையினது. அக்கால மென்பொருள்கள் பலவற்றின் நிலை இதுவே. 64 இரும விண்டோஸ் 16 இருமச் செயலியை அறவே ஏற்பதில்லை. வீடு உறுதியாக நிற்கிறது. வாசற்படி மட்டும் இற்றுப்போயிற்று.

பழைய வன்தட்டில் நிறுவப்பட்டிருந்த கோப்புறையை அப்படியே பெயர்த்துக் கொணர்ந்து, விண்டோஸ் காவல் செய்யும் செயலிக் கோப்புறைக்கு வெளியே வைத்து, பழைய விண்டோஸைப் போல நடிக்கும் ‘ஒத்தியல்பு’ முறையில் இயக்கினோம். திரை விரிந்தது! பட்டிகள் எறும்பளவில் இருந்தன, அதையும் சரிசெய்தோம். ஆனால் பெரிய கோப்பொன்றைத் திறந்ததும் ‘போதிய நினைவகம் இல்லை’ என்று சொல்லி மூடிக்கொண்டது. அந்தக் கணினியிலோ பழையதைப் போல முப்பது மடங்கு நினைவகம்! மாணவி விளக்கினாள்: குறியோடு எண்ணும் 32 இருமக் கணக்கு 2,147,483,647 வரையே செல்லும், மேலும் ஒன்றைக் கூட்டினால் எண் புரண்டு எதிர்க்கணியமாகிவிடும். அளவுக்கு மிஞ்சிய செல்வத்தைக் கடன் என்று பதிந்துகொள்ளும் கணக்கப்பிள்ளையைப் போல, பழைய செயலிகள் சில மிகுதியை இன்மையாகக் கொள்கின்றன.

ஈற்றில் வழி காட்டியவளும் அவளே. கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனையாக அமைக்கும் ‘விர்ச்சுவல்பொக்ஸ்’ என்னும் மென்பொருளை நிறுவினாள். அந்தப் பாவனைக் கணினிக்கு 512 மெகாபைற் நினைவகமே கொடுத்தாள். மிகுதியைக் கண்டு மிரளும் கிழவனுக்கு அளவான சோறு. அதில் பழைய கணினியோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பி இறுவட்டை இட்டாள். அந்த விண்டோஸுக்கான பாதுகாப்பு 2014 ஏப்ரலோடு முடிந்தபடியால் அதன் இணையத் தொடர்பைத் துண்டித்தாள். கோப்புகள் போகவர ஒரு பொதுக் கோப்புறை மட்டும் திறந்திருந்தது. ஒரு போயா விடுமுறை நாளின் பிற்பகலில் அந்தப் பழைய நிறுவி எவ்வித முணுமுணுப்புமின்றி ஓடிற்று. ஸ்ரூடியோக்காரர் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். விரல்கள் தம் இடத்தை அறிந்துகொண்டன.

எழுத்துகளைப் பற்றி, தமிழாசிரியர் என்ற முறையில், இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த நினைவுப் படங்களின் தமிழ் முழுவதும் ‘பாமினி’ எழுத்துருவில் ஆனது. யூனிகோட் முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அக்கால மென்பொருள்கள் அதை அறியா. ஆகவே ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து, தமிழறியாத பொறியைத் தமிழ் பேசவைத்தார்கள் நம்மவர். மெச்சத்தக்க தந்திரந்தான். ஆனால் பாமினி இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். ஓலைச்சுவடியைச் செல்லரித்தாலும் எஞ்சிய எழுத்தைக் கண் படிக்கும், அதனாலன்றோ சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பிக்க இயன்றது! 1990களின் பாடசாலை மலர்களும், வினாத்தாள்களும், சிறுபத்திரிகைகளும் பழைய தட்டுகளில் இவ்வாறே கிடக்கின்றன. ஆசிரிய நண்பர்கள் தம் பாடசாலை அலுமாரிகளைத் திறந்து பார்க்கட்டும். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன, மாணவரின் ஒரு தவணை விடுமுறை போதும்.

மறுநாள் அந்தத் தாயை அழைத்தோம். ஸ்ரூடியோக்காரர் கோப்பைத் திறந்து, அடுக்குகளை ஒவ்வொன்றாய் மறைத்தார். நீலப் பின்புலம் போயிற்று. கோட்டும் கழுத்துப்பட்டியும் போயின. முகத்தை வெளுப்பாக்கிய அடுக்கு போயிற்று. “அந்த நாளையில எல்லாரும் வெள்ளையாத்தான் கேட்டவை, மாஸ்டர்” என்று எம்மைப் பாராமலே சொன்னார். கடைசி அடுக்கும் மறைந்தபோது, சேற்றுக் கோடுகளும் பூஞ்சணப் புள்ளிகளும் நிறைந்த படத்தின் நடுவில், கழுத்துப் பொத்தான் இல்லாத சேட்டோடு கறுத்த இளைஞன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

நெற்றியில் ஒன்றன்று, நான்கு கோடுகள் இருந்தன. தாள் மடிந்த கோடு எது, உப்பு அரித்த கோடு எது, தோணி தந்த தழும்பு எது என்று எமக்குத் தெரியவில்லை. 2005இல் நான்கையும் ஒருசேர அழித்திருந்த ஸ்ரூடியோக்காரருக்கும் தெரியவில்லை. அந்தத் தாய் கதிரையை அருகே நகர்த்தித் திரையை உற்றுப் பார்த்தார்.

“இது இல்லை. இதுவும் இல்லை. இது... பொறுங்கோ தம்பி, இதைத் தொடாதேங்கோ.”

அவர் விரல் காட்டக் காட்ட, ஸ்ரூடியோக்காரர் மற்ற மூன்றையும் புள்ளி புள்ளியாய் நீக்கினார். ஏறத்தாழ இரண்டு மணிநேரம் சென்றது. மாணவி தேநீர் வாங்கி வந்தாள். ‘முதலாம்’ என்ற சொல்லை அழித்து ‘இருபதாம்’ என்று பாமினியில் அடித்தபோது, தாய் அதைப் பாராமல் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பிரதிகள் கேட்டார். ஒன்றைக் கண்ணாடி போடாமல், பளபளப்புத் தாள் ஒட்டாமல், வெறும் படமாகவே தரச்சொன்னார்.

புறப்படும்போது மாணவியின் பக்கம் திரும்பி, “பிள்ளை, இனி இது அழியாதோ?” என்றார்.

அவள் உடனே விடை சொல்லவில்லை. பாவனைக் கணினி முழுவதையும், கோப்புகளையும், பாமினி எழுத்துருவையும் இரண்டு புதிய வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றை ஸ்ரூடியோவின் இரும்பலுமாரியில் வைத்தாள். மற்றதை எம்மிடம் தந்து, பாடசாலையின் மேல்மாடியில் வைக்கும்படி சொன்னாள்.